உராய்வில் பிறக்கும் சூடு: வாசகர் கேள்வி–பதில்

அலுமினியத் தகடுகளை உருக்காமலேயே இணைக்கும் ‘உராய்வுக் கலக்கல் பற்றவைப்பு’ முறையைப் பற்றிச் சென்ற மாதம் இப்பகுதியில் ஓரிரு வரிகள் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து கோவை, ஈரோடு, நாமக்கல் பகுதிகளிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அம்முறையில் எழும் வெப்பத்தைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இம்மாதம் வேறு கேள்விகளை ஒதுக்கிவிட்டு, அவற்றுக்கே இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: உலோகம் உருகாமல் எப்படி ஒட்டும்? அதற்கு வேண்டிய சூடு எங்கிருந்து வருகிறது? சூடு ஏறிக்கொண்டே போய் உருகிவிடாமல் தடுப்பது எது?
— பயிற்சியாளர், மோட்டார் உதிரிப் பாகப் பட்டறை, ஆவாரம்பாளையம்

பதில்: இம்முறையை இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே உள்ள ‘தி வெல்டிங் இன்ஸ்டிடியூட்’ என்ற நிறுவனம் 1991ஆம் ஆண்டு கண்டறிந்தது. கருவி பார்ப்பதற்கு மிக எளிமையானது. கெட்டியான எஃகுத் தண்டு ஒன்றின் அடிமுகம் அகலமான வட்டமாக இருக்கும். இதைத் தோள் என்கிறோம். அதன் நடுவிலிருந்து மரை வெட்டிய சிறிய முள் ஒன்று நீண்டிருக்கும். 6 மில்லிமீட்டர் தகடு என்றால் தோளின் விட்டம் சுமார் 18 மில்லிமீட்டராகவும், முள்ளின் விட்டம் சுமார் 6 மில்லிமீட்டராகவும், முள்ளின் நீளம் தகட்டின் கனத்தைவிட 0.2, 0.3 மில்லிமீட்டர் குறைவாகவும் இருப்பது வழக்கம். சுழலும் இக்கருவியை, விளிம்போடு விளிம்பு சேர்த்து இறுக்கிய இரு தகடுகளின் சந்தில் அழுத்தி, தோள் மேற்பரப்பில் பதிந்ததும் சந்தின் வழியே மெல்ல நகர்த்த வேண்டும்.

சூடு இரண்டு வழிகளில் பிறக்கிறது. தோளும் தகடும் உராய்வதால் பிறப்பது ஒன்று. இளகிய உலோகத்தை முள்ளும் தோளும் இழுத்துப் பிசைவதால் அந்த உலோகத்தின் உள்ளேயே பிறப்பது மற்றொன்று. மொத்தச் சூட்டில் பெரும்பங்கு தோளினால் வருகிறது, முள்ளின் பங்கு சிறிது. தோளின் அகலம் சற்றுக் கூடினாலும் சூடு மிகுதியாக ஏறுவதற்குக் காரணம், அழுத்தமும் சுழற்சியும் மாறாமல் இருக்கும்போது வெப்ப உற்பத்தி தோளின் ஆரத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப உயர்வதுதான். ஆரத்தைக் கால் பங்கு கூட்டினால் சூடு ஏறக்குறைய இருமடங்காகிறது.

உருகாமல் தடுப்பது எது என்று நீங்கள் கேட்டதை நம் வீட்டு அடுப்பிலேயே பார்க்கலாம். ராகிக் களி இறுகியிருக்கும்போது துடுப்பைச் சுழற்றக் கை வலிக்கும். களி இளகினால் அதே துடுப்பு வலியில்லாமல் சுற்றும். இங்கே அந்தக் கைவலிதான் வெப்பம். உலோகம் சூடேறி இளக இளக, கருவியைச் சுழற்றத் தேவைப்படும் முறுக்கு விசை குறைகிறது. முறுக்கு விசை குறைந்தால் பிறக்கும் வெப்பமும் குறைகிறது. இவ்வாறு சூடு தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்வதால், அலுமினியக் கலவைகளில் வெப்பநிலை பெரும்பாலும் 400 முதல் 500 டிகிரி செல்சியசுக்குள் நின்றுவிடுகிறது. 6061 கலவை உருகத் தொடங்குவது 582 டிகிரியில் என்பதால் அதற்கு இடைவெளி தாராளமாக உண்டு. 7075 கலவையோ 477 டிகிரியிலேயே உருகத் தொடங்கும்; அதனிடம் இந்தத் தற்கட்டுப்பாட்டை மட்டும் நம்பிச் சுழற்சியைக் கூட்டுவது ஆபத்து.

கேள்வி: மின்வாகன பேட்டரிக்கான குளிர்விப்புத் தட்டு ஆர்டர் ஒன்றுக்காக, 6 மில்லிமீட்டர் 6061-டி6 தகடுகளை இம்முறையில் இணைத்தோம். மேற்பரப்பு வழவழப்பாக வந்தது. எக்ஸ்ரேயில் ஒரு குழியும் இல்லை. ஆனால் இழுவைச் சோதனையில் பற்றவைத்த இடம் அப்படியே இருக்க, அதிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளித் தகடு முறிந்தது. வலிமையும் மூலத் தகட்டில் மூன்றில் இரண்டு பங்குதான். எங்கள் பிழை என்ன? சுழற்சியை இன்னும் கூட்டலாமா?
— பட்டறை உரிமையாளர், மலுமிச்சம்பட்டி

பதில்: தங்கள் பட்டறையில் பிழை ஏதும் நடக்கவில்லை; ஆனால் சுழற்சியைக் கூட்டினால் பிழை நடக்கும். தங்கள் கேள்விதான் இந்த விஷயத்தின் மையம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

6061 கலவையில் மக்னீசியம் ஒரு சதவீதம் அளவிலும் சிலிக்கான் 0.6 சதவீதம் அளவிலும் கலந்திருக்கின்றன. ‘டி6’ என்ற குறிக்குப் பொருள், ஆலையில் அத்தகட்டைச் சுமார் 530 டிகிரிக்குச் சூடாக்கி, அவ்விரு தனிமங்களும் அலுமினியத்தில் முழுவதும் கரையும்படி செய்து, உடனே நீரில் குளிர்வித்து, பிறகு 160 முதல் 175 டிகிரி வெப்பத்தில் 8 மணி முதல் 18 மணி நேரம் வரை வைத்து முதிர்வூட்டியிருக்கிறார்கள் என்பதாகும். அந்த முதிர்வின்போது மக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்து, கண்ணுக்கும் சாதாரண நுண்ணோக்கிக்கும் புலப்படாத, சில நானோமீட்டர் கனமுள்ள ஊசி வடிவத் துகள்களாகத் தகடு முழுவதும் பரவி நிற்கின்றன. தகட்டின் வலிமை அலுமினியத்தினுடையது அன்று, இந்த ஊசிகளினுடையது. அவை இல்லையேல் 310 மெகாபாஸ்கல் தாங்கும் தகடு அதில் பாதியைக்கூடத் தாங்காது.

இப்போது சூடு அந்தத் தகட்டில் பரவுவதை மனக்கண்ணில் பாருங்கள். முள் பிசைந்த நடுப்பகுதியில் வெப்பம் 450 டிகிரியைத் தாண்டுகிறது. அங்கே ஊசிகள் பெரும்பாலும் கரைந்துவிடுகின்றன. மக்னீசியமும் சிலிக்கானும் மீண்டும் அலுமினியத்தில் கலந்துவிடுகின்றன. அதே நேரத்தில் பிசைந்த உலோகம் புதிய, மிக நுண்ணிய மணிகளாக மறுபடிகமாகிறது. ஒவ்வொரு மணியும் சில மைக்ரோமீட்டர்தான். கரைந்த தனிமங்கள் கையிருப்பில் இருப்பதாலும் மணிகள் நுண்மையாக இருப்பதாலும் நடுப்பகுதி ஓரளவு தேறிக்கொள்கிறது. தோளின் விளிம்புக்கு அப்பால், தங்கள் தகடு முறிந்த அந்த ஒரு சென்டிமீட்டர் தொலைவில், வெப்பம் 300 முதல் 400 டிகிரி வரைதான் ஏறுகிறது. ஊசிகளைக் கரைப்பதற்கு அது போதாது. ஆனால் பருக்க வைப்பதற்குத் தாராளமாகப் போதும். நுண்ணிய ஊசிகள் ஒன்றையொன்று விழுங்கி, எண்ணிக்கையில் குறைந்து, உருவில் தடித்த கட்டைகளாகிவிடுகின்றன. மக்னீசியமும் சிலிக்கானும் எங்கும் போகவில்லை. ஆனால் பயன்படாத உருவில் முடங்கிவிட்டன.

கவுந்தப்பாடிப் பக்கம் வெல்லம் காய்ச்சுபவர்கள் கொப்பரையைப் பதம் தவறவிட்டால், அதே கரும்புப் பாகு வேறொன்றாகிவிடும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். இங்கும் தகடு பதம் தவறியிருக்கிறது. ஆனால் நடுவில் அன்று, ஓரத்தில். கடினமானியை வைத்துத் தகட்டின் குறுக்கே ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி என்று அளந்தால், தொடாத தகட்டில் விக்கர்ஸ் அளவில் 105 முதல் 110 வரை காட்டும் எண், இருபுறமும் 60, 70 என்று பள்ளம் விழுந்து, நடுவில் மீண்டும் சற்று எழுவதைக் காணலாம். ‘டபிள்யூ’ எழுத்தை எழுதியது போன்ற அந்த வரைபடத்தின் ஆழமான பள்ளத்தில்தான் தங்கள் மாதிரி முறிந்தது. இணைப்பில் குறை இருந்திருந்தால் அது இணைப்பிலேயே முறிந்திருக்கும். மூன்றில் இரண்டு பங்கு என்பதும் இந்தக் கலவைக்கு வழக்கமான அளவே. 65 முதல் 80 சதவீதம் வரை எதிர்பார்க்கலாம். ஆர்கான் வெல்டிங்கில் 4043 கம்பி கொண்டு இதே தகட்டை இணைத்தால் வடிவமைப்பாளர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வது 165 மெகாபாஸ்கல் மட்டுமே என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி, செய்ய வேண்டியது என்ன? அந்த ஓரப்பகுதி எவ்வளவு சூடானது என்பதோடு, எவ்வளவு நேரம் சூடாக இருந்தது என்பதும் முக்கியம். ஆகவே கருவி நகரும் வேகத்தைக் கூட்டுவதுதான் முதல் வழி. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு தருகிறேன். நிமிடத்துக்கு 1,000 சுழற்சியில் முறுக்கு விசை 40 நியூட்டன்-மீட்டர் என்றால், செலவாகும் திறன் ஏறக்குறைய 4.2 கிலோவாட். கருவி நிமிடத்துக்கு 200 மில்லிமீட்டர் நகர்ந்தால் ஒவ்வொரு மில்லிமீட்டர் நீளத்துக்கும் சுமார் 1,260 ஜூல் சேர்கிறது. நகர்வை 400 மில்லிமீட்டர் ஆக்கினால், உலோகம் சற்றுக் குளிர்ந்து இறுகுவதால் முறுக்கு விசை 44 ஆக உயர்கிறது என்று வைத்துக்கொண்டாலும், சேர்வது சுமார் 690 ஜூல்தான். வெப்பம் சரிபாதியாகக் குறையவில்லை. ஆனாலும் ஓரத்திலுள்ள பள்ளம் குறுகும், ஆழமும் குறையும். இவ்வாறு கூட்டிக்கொண்டே போகவும் இயலாது. ஓர் எல்லைக்கு மேல் உலோகம் முள்ளைச் சுற்றிவந்து பின்னால் நிரம்புவதற்கு வேண்டிய இளக்கம் கிடைக்காமல், உள்ளே நீளவாக்கில் சுரங்கம் போன்ற குழி விழும். அது மேலிருந்து பார்த்தால் தெரியாது. தங்களிடம் எக்ஸ்ரே வசதி இருப்பதால், 50 மில்லிமீட்டர் 50 மில்லிமீட்டராக நகர்வைக் கூட்டி, குழி தோன்றும் வேகத்தைக் கண்டுபிடித்து, அதற்கு இரண்டு படி கீழே நின்றுகொள்ளுங்கள்.

இரண்டாவது வழி, வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டால், தகட்டை டி6 நிலையில் வாங்காமல், செயற்கை முதிர்வு ஊட்டப்படாத டி4 நிலையில் வாங்கிப் பற்றவைத்து, முழுப் பாகத்தையும் பிறகு உலையில் முதிர்வூட்டுவது. டி4 தகட்டில் பருப்பதற்கு ஊசிகள் குறைவு என்பதால் ஓரத்தின் இழப்பும் குறைவு. டி6 நிலையிலேயே பற்றவைத்துவிட்டுப் பிறகு முதிர்வூட்டினால் நடுப்பகுதி நன்றாக மீளும். ஓரம் மீளாது, ஏனெனில் அங்கே ஊசியாவதற்குக் கரைந்த தனிமங்கள் கையிருப்பில் இல்லை. முழுவதையும் மறுபடி 530 டிகிரிக்கு ஏற்றி நீரில் இறக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். ஏட்டளவில் அது சரி. நடைமுறையில் மெல்லிய தட்டு நெளிந்து போகும். நடுப்பகுதியின் நுண்மணிகள் கட்டுக்கடங்காமல் பெருத்து, மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்துவிடுவதும் உண்டு. தங்கள் குளிர்விப்புத் தட்டுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உண்மையில், குளிர்நீர் கசியாமல் இருப்பதே அத்தட்டின் தலையாய கடமை. முழு டி6 வலிமை அதற்குத் தேவைதானா என்று வரைபடம் தந்தவரிடம் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. அலுமினியத்தின் உராய்வுக் கலக்கல் பற்றவைப்புக்கான ஐ.எஸ்.ஓ. 25239 தரநிலையே டி6 தகட்டின் இணைப்பு மூல வலிமையை எட்ட வேண்டும் என்று கேட்பதில்லை.

கேள்வி: காலையில் முதலில் ஓட்டும் மூன்று நான்கு தகடுகளில் உள்ளே குழி விழுகிறது. அதே அளவுகளில் பிற்பகலில் ஓட்டினால் ஓரத்தில் பிசிறு தள்ளுகிறது. மின்னழுத்த ஏற்ற இறக்கமா, பல்லடம் வெயிலா?
— மில்லிங் இயந்திர இயக்குநர், பல்லடம்

பதில்: இரண்டும் அன்று. விடியற்காலைக் குளிருக்கும் உச்சி வெயிலுக்கும் உள்ள வேறுபாடு பட்டறைக்குள் 15, 20 டிகிரிதான். 450 டிகிரியில் நடக்கும் வேலையில் அது பெரிதில்லை. தாங்கள் பார்க்க வேண்டியது தகட்டுக்கு அடியில் இருக்கும் எஃகுப் பலகையை.

பிறக்கும் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தகட்டுக்குள் போகிறது. எஞ்சிய சிறு பங்கு கருவி வழியாக மேலேறி ஸ்பிண்டிலைச் சூடாக்குகிறது. தகட்டுக்குள் போனது அங்கேயே தங்குவதில்லை. அழுத்தம் அதிகமாக உள்ள முள்ளின் அடியில் தகடும் அடிப்பலகையும் நெருங்கி ஒட்டியிருப்பதால், வெப்பம் அந்த வழியாகவே பெருமளவு கீழே இறங்குகிறது. காலையில் பலகை குளிர்ந்து கிடக்கும்; இறங்கும் வெப்பத்தையெல்லாம் குடித்துவிடும்; தகட்டின் அடிப்பகுதி போதிய அளவு இளகாமல் குழி விழும். பத்துத் தகடுகள் ஓடிய பிறகு பலகையே கை வைக்க முடியாதபடி சூடாகிவிடும். வெப்பம் இறங்க வழியின்றித் தகட்டிலேயே தேங்கும். தோள் அமிழ்ந்து பிசிறு தள்ளும். தங்கள் அளவுகள் மாறவில்லை. வெப்பம் வெளியேறும் வழிதான் மாறியிருக்கிறது.

இதில் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் கோவையில் ஒரு பட்டறையில் இதே குறைக்காக என்னை அழைத்திருந்தார்கள். இயந்திரத்தை ஓட்டிய தம்பி, “காலைல ஓட்டுனா ஓட்டை விழுது, மத்தியானம் ஓட்டுனா பிசிறு தள்ளுதுங்க” என்று தாங்கள் எழுதியதையே சொன்னார். நான் அவர் சொன்னதைவிட என் கையிலிருந்த அகச்சிவப்பு வெப்பமானியை நம்பினேன். அது தோளுக்கு அருகில் 120 டிகிரி என்று காட்டியது. சூடு போதவில்லை என்று முடிவு கட்டி, சுழற்சியை 900இலிருந்து 1,400 ஆக்கச் சொன்னேன். நான்கு அங்குலம் நகர்வதற்குள் தோள் அரை மில்லிமீட்டர் அமிழ்ந்து, இருபுறமும் தென்னை ஓலைக் கீற்றுப்போல் பிசிறு சுருண்டு எழுந்தது. அந்தக் கருவி அளவிடுவது பொருள் வெளியிடும் கதிர்வீச்சை. பளபளப்பான அலுமினியம் வெளியிடுவதோ கரும்பொருள் வெளியிடுவதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கருவியோ 0.95 என்ற அளவுக்கு, அதாவது ஏறக்குறைய கரும்பொருளுக்கு, முன்கூட்டியே அமைக்கப்பட்டிருந்தது. காட்டிய எண் தகட்டின் உண்மையான வெப்பநிலை அன்று; பட்டறைச் சுவரின் பிரதிபலிப்பும் அதில் கலந்திருந்தது. பிறகு வெப்பநிலை அளக்கும் ‘கே’ வகை தெர்மோகப்பிள் கம்பியை வாங்கி, தகட்டின் பக்கவாட்டில் ஒன்றரை மில்லிமீட்டர் துளையிட்டு, சந்திலிருந்து 12 மில்லிமீட்டர் தொலைவில் முனை நிற்கும்படி செருகி அளந்தபோதுதான் உண்மை தெரிந்தது. அகச்சிவப்புக் கருவி மட்டுமே இருக்குமானால், அளக்கும் இடத்தில் பளபளப்பற்ற கறுப்பு உயர்வெப்பப் பெயின்ட்டை ஒரு கோடு பூசிக்கொள்ளுங்கள்.

தீர்வு எளிது. காலையில் கழிவுத் தகடு ஒன்றை இரண்டு முறை ஓட்டி அடிப்பலகையைச் சூடாக்கிக்கொள்ளுங்கள்; பிறகு ஒவ்வொரு தகட்டுக்கும் இடையே பலகை ஒரே வெப்பநிலைக்கு இறங்கும்வரை காத்திருங்கள். பலகையின் ஓரத்தில் துளையிட்டு ஒரு தெர்மோகப்பிளை நிரந்தரமாகப் பொருத்திவிட்டால் யூகத்துக்கு வேலையில்லை. உற்பத்தி வேகம் முக்கியம் என்றால் பலகைக்குள் நீர் ஓடும் வழி வெட்டலாம். பலகையை மாற்றும் எண்ணம் இருந்தால், சாதாரண எஃகைவிடத் துருப்பிடிக்காத எஃகு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே வெப்பம் கடத்தும் என்பதையும், செம்பு ஏழெட்டு மடங்கு கடத்தும் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள். பலகை மாறினால் தங்கள் சுழற்சி, நகர்வு அளவுகளையெல்லாம் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

ஒரே தகட்டுக்குள்ளும் இந்தக் கதை நடக்கும். தொடக்க முனை குளிர்ந்திருக்கும் என்பதால் முள் இறங்கியதும் சில விநாடிகள் நகராமல் நின்று சுழல விடுகிறோம். முடியும் முனையில் முன்னால் வெப்பம் ஓடுவதற்கு உலோகம் இல்லாததால் சூடு தேங்கும். அங்கே நகர்வைச் சற்றுக் கூட்டலாம், அல்லது இருமுனையிலும் துண்டுத் தகடு ஒட்டி ஓட்டிப் பிறகு வெட்டிவிடலாம்.

கேள்வி: சுழற்சி வேகத்தை நகர்வு வேகத்தால் வகுத்து வரும் விகிதம் ஒன்றாக இருந்தால் வெப்பமும் ஒன்றாக இருக்கும் என்று எங்கள் திட்ட அறிக்கையில் எழுதலாமா?
— பொறியியல் மாணவி, பெருந்துறை

பதில்: எழுத வேண்டாம். ஆர்பெகாஸ்ட், ஹார்ட்லி என்ற ஆய்வாளர்கள் தந்த புகழ்பெற்ற தொடர்பின்படி, உச்ச வெப்பநிலைக்கும் உருகுநிலைக்கும் உள்ள விகிதம், சுழற்சியின் இருமடிப் பெருக்கத்தை நகர்வால் வகுத்து வரும் எண்ணைச் சார்ந்தது; அதுவும் 0.04 முதல் 0.06 வரையிலான மிகச் சிறிய அடுக்கில். நகர்வு மாறாமல் சுழற்சியை இரட்டிப்பாக்கினால் அந்த எண் நான்கு மடங்காகும். ஆனால் உச்ச வெப்பநிலை ஏழு சதவீதம் அளவுக்குத்தான் உயரும், 450 டிகிரி இருந்த இடத்தில் 480 என்பது போல. முன்னர் சொன்ன தற்கட்டுப்பாட்டின் விளைவு இது. 800 சுழற்சிக்கு 100 மில்லிமீட்டர் நகர்வு என்பதும் 1,600 சுழற்சிக்கு 200 மில்லிமீட்டர் என்பதும் ஒரே விகிதம். ஆனால் இரண்டாவதில் உச்சம் அதிகம், அந்த உச்சத்தில் இருக்கும் நேரம் குறைவு. எழுதும்போது உச்ச வெப்பநிலையையும், ஒரு புள்ளி 300 டிகிரிக்கு மேல் இருந்த நேரத்தையும் தனித்தனியே குறிப்பிடுங்கள். அடிப்பலகை என்ன உலோகம் என்பதையும் எழுத மறக்காதீர்கள்; நான் படித்த மாணவர் அறிக்கைகள் பலவற்றில் இல்லாமல் போவது அந்த ஒரு வரிதான்.

கேள்வி: சூடு குறைந்தால் குழி விழும் என்கிறீர்கள். குழியே இல்லாத இணைப்பு, வளைத்துப் பார்க்கும் சோதனையில் அடியிலிருந்து பிளந்தது. அங்கே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று தெரிந்தது. அது என்ன?
— தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளர், சேலம்

பதில்: அது பழைய ஆக்சைடு படலம். ஏற்காட்டு மலையின் பாக்சைட்டிலிருந்து மேட்டூரில் அலுமினியம் எடுத்த காலத்தை உங்கள் ஊர்ப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். ஆக்சிஜனிடமிருந்து அலுமினியத்தைப் பிரிக்க ஏறத்தாழ 950 டிகிரியில் உருகிய உப்புக் குளத்தில் அவ்வளவு மின்சாரத்தைக் கொட்ட வேண்டியிருந்தது என்றால், அந்தப் பிடிப்பு எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். தகட்டின் விளிம்பை அறுத்த மறுகணமே அதன்மேல் ஆக்சைடு படிந்துவிடுகிறது. அது உருகுவது 2,070 டிகிரிக்கு மேல் என்பதால், 450 டிகிரி வெப்பம் அதை ஒன்றும் செய்யாது. பிசையும் விசைதான் அதை உடைத்துச் சிதறடிக்க வேண்டும். உலோகம் நன்றாக இளகியிருந்தால் படலம் துகள்துகளாகிக் கலந்துவிடும்; அடியில் சூடு போதாவிட்டாலோ முள் குட்டையாக இருந்தாலோ படலம் உடையாமல் மடிந்து, இருபுறமும் தொட்டுக்கொண்டு மட்டும் நிற்கும், இணைந்திருக்காது. எக்ஸ்ரேயிலும் அது பெரும்பாலும் தப்பிவிடும். வளைவுச் சோதனைதான் காட்டிக் கொடுக்கும். விளிம்புகளைப் பற்றவைப்பதற்குச் சற்றுமுன் துருப்பிடிக்காத எஃகு பிரஷ்ஷால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்துவிட்டு, முள்ளின் நீளத்தைச் சரிபாருங்கள்.

கேள்வி: நாங்கள் 5083 தகட்டில் டேங்கர் பாகங்கள் செய்கிறோம். ஓரம் மென்மையாகும் சிக்கல் எங்களுக்கும் உண்டா?
— லாரி பாடி கட்டுநர், நாமக்கல்

பதில்: சூடாக்கி மென்மையாக்கிய ‘ஓ’ நிலைத் தகடு என்றால் அநேகமாக இல்லை. 5083 கலவைக்கு வலிமை தருவது கரைந்த மக்னீசியம். அதில் பருத்துக் கெடுவதற்கு ஊசிகள் கிடையாது. உருட்டிக் கடினமாக்கிய ‘எச்’ வகைத் தகடு என்றால், உருட்டியதால் வந்த கூடுதல் வலிமை மட்டும் இணைப்பின் அருகே போய், ‘ஓ’ நிலைக்கு இறங்கும். அந்த எண்ணை வைத்தே கனத்தைக் கணக்கிடுங்கள்.

கேள்வி: அலுமினியப் பட்டையையும் செம்புப் பட்டையையும் இம்முறையில் இணைக்கிறோம். இணைப்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிறது. ஆனால் லேசாகத் தட்டினால் கண்ணாடிபோல் உடைகிறது.
— மின்பலகைத் தயாரிப்பாளர், கணபதி

பதில்: சூடு அதிகம். செம்பும் அலுமினியமும் சூட்டில் ஒன்றையொன்று ஊடுருவி, எல்லையில் நொறுங்கும் தன்மையுள்ள சேர்மங்களை உண்டாக்குகின்றன. அந்தப் படலம் ஓரிரு மைக்ரோமீட்டர் இருந்தால் பிடிப்பு கிடைக்கும், தடித்தால் முறியும். மேலும், தனித்தனியே 660 டிகிரியிலும் 1,085 டிகிரியிலும் உருகும் இவ்விரு உலோகங்களும் சேர்ந்த இடத்தில் 548 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். செம்பை, கருவியின் சுழற்சியும் நகர்வும் ஒரே திசையில் போகும் பக்கத்தில் வைத்து, முள்ளைச் சந்தின் நடுவில் இறக்காமல் அலுமினியத்தின் பக்கம் தள்ளி இறக்குங்கள். முள் செம்பைச் சுரண்டிச் செல்வது போதும். சுழற்சியையும் குறைத்துப் பாருங்கள்.

கேள்வி: 7075 தகட்டில் இணைப்பின் நடுப்பகுதிக் கடினத்தை அளந்து அறிக்கை அனுப்பினோம். பத்து நாள் கழித்து வாடிக்கையாளர் அளந்தபோது அதே மாதிரியில் எண் கூடியிருந்தது. எங்கள் கருவி பழுதா?
— சோதனைக்கூட உதவியாளர், சூலூர்

பதில்: கருவி சரியாகவே இருக்கிறது, மாறியது உலோகம். பற்றவைக்கும் சூட்டில் துத்தநாகமும் மக்னீசியமும் கரைந்து, தகடு ஆறியதும் கரைந்த நிலையிலேயே சிக்கிக்கொள்கின்றன. 7075 கலவையில் அவை அறை வெப்பநிலையிலேயே மெல்ல மெல்லத் திரளத் தொடங்குகின்றன. அந்தத் திரட்சி வாரங்களில் முடிவதில்லை, மாதக்கணக்கில் தொடரும். அதனால் நடுப்பகுதி நாளுக்கு நாள் கடினமாகும். வாடிக்கையாளரிடம் இதை விளக்கி எழுதுங்கள். நிலையான எண் வேண்டுமென்றால் பாகத்தை உலையில் முதிர்வூட்டிய பிறகே அளக்க வேண்டும். அதுவும் அவர்கள் ஒப்புதலோடு. இக்கலவையில் வெப்பம் பட்ட ஓரப்பகுதி உப்புக் காற்றில் அரிப்புக்கும் விரிசலுக்கும் எளிதில் இடம் கொடுக்கும் என்பதால், முதிர்வூட்டும் அட்டவணையை அவர்களே தருவது முறை. அதுவரை, தங்கள் அறிக்கைப் படிவத்தில் சோதித்த தேதிக்கு மேலே பற்றவைத்த தேதிக்கும் ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள்.